சுழல் கத்தி வாங்கப் போகிறவர்களுக்கு



கத்தி வாங்கும்போது கட்டைவிரல் நகத்தில் அலகை வைத்துக் கூர் பார்ப்பது நம் எல்லோருக்கும் கைவந்த பழக்கம். காய் நறுக்கும் கத்திக்கு அது போதும். தோலில் பூவும் கொடியும் வெட்டுகிற கத்திக்கு அந்தச் சோதனை பாதிகூடச் சொல்லாது. நகத்தில் நன்றாகப் பிடிக்கிற அலகு, தோலில் இறங்கியதும் மண்ணில் கால் ஊன்றிய மாடு மாதிரி நகர மறுக்கும். வாங்கியவர் தன் கையைக் குறை சொல்லிக்கொள்வார். கை பாவம், அதன்மேல் தப்பில்லை. அலகில் என்ன குறை, அதைக் கடையிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது, காசை எங்கே போடுவது, எங்கே போடக்கூடாது என்பதைத்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

கடையில் 'ஸ்விவல் நைஃப்' என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். நான் சுழல் கத்தி என்றே சொல்கிறேன். பின்வரிசையில் இருப்பவர்களுக்கு இது தெரியாது, அதனால் சொல்லிவிடுகிறேன். விரல் நீளத்துக்கு ஓர் உலோகத் தண்டு. தலையில் பிறைபோல வளைந்த ஒரு விரல்தாங்கி. அடியில் குட்டி உளியைப் போல ஓர் அலகு, திருகு போட்டு இறுக்கியிருக்கும். விரல்தாங்கி நின்ற இடத்தில் நிற்கும். தண்டும் அலகும் அதற்குக் கீழே சுழலும். ஆள்காட்டி விரல் தாங்கியில் உட்கார்ந்து அழுத்தும். கட்டைவிரலும் நடுவிரலும் மோதிர விரலும் தண்டைப் பிடித்து உருட்டும். சுண்டுவிரல் தோலின்மேல் ஊன்றியிருக்கும். அழுத்துகிற விரல் வேறு, திருப்புகிற விரல்கள் வேறு. அதனால்தான் ஆழம் மாறாமல் வளைக்கவும், வளைவு மாறாமல் ஆழத்தைக் கூட்டிக் குறைக்கவும் முடிகிறது.

பனையோலையில் எழுதியவர்கள் எழுத்தாணியை ஏறக்குறைய ஓரிடத்தில் நிறுத்திக்கொண்டு, இடக்கையால் ஓலையை நகர்த்தினார்கள். குதிரைச் சேணத்தின் பக்கத்தோலை அப்படி நகர்த்தித் திருப்ப முடியாது. அதனால் இங்கே அலகு திரும்ப வேண்டியிருக்கிறது.

சேணம் என்று சொன்னேன். இந்தக் கத்தி வளர்ந்த வீடு அதுதான். ஈரத்தோலில் கத்தியால் கோடு வெட்டி உருவம் எழுப்புகிற கலை ஐரோப்பாவில் பழையது. 15ஆம் நூற்றாண்டு ஜெர்மன் நாட்டுப் புத்தக அட்டைகளில் அருமையான வேலைகள் உண்டு. நியூரம்பெர்க் நகரசபைக்காக 1468ஐ ஒட்டி மெயிர் யாஃபே என்ற யூதக் கலைஞர் செய்த அட்டை அவற்றில் பேர்போனது. சேணத்தில் பூவேலை செய்கிற வழக்கத்தை ஸ்பானியர்கள் மெக்சிகோவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து கலிஃபோர்னியாவுக்கும் டெக்சாசுக்கும், மாடு மேய்ப்பவர்களோடு அது வடக்கே ஏறியது. சேணம், பெல்ட், துப்பாக்கி உறை என்று எல்லாவற்றிலும் பூ.

தொழிலாக இருந்தது பொழுதுபோக்காகவும் ஆனதற்கு ஒரு போர் காரணம். டெக்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வொர்த் நகரில் ஹின்க்லி, டேண்டி என்ற இருவர் 1919இல் ஒரு கடை போட்டார்கள். செருப்புத் தைப்பவர்களுக்குத் தோல் விற்கிற கடை. இரண்டாம் உலகப் போரில் டேண்டியின் மகன் சார்ல்ஸ் கடற்படையில் ஹவாயில் இருந்தார். காயம்பட்ட சிப்பாய்களுக்கு ராணுவ மருத்துவமனைகளில் தோல்வேலை கற்றுக்கொடுப்பதைப் பார்த்தார். செருப்புத் தோலை விட்டு இந்தப் பக்கம் வரலாமே என்று அப்பாவுக்கு எழுதினார். போர் முடிந்த பிறகு அந்த யோசனைதான் கடையை வளர்த்தது. டேண்டி லெதர் இன்றும் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஆல் ஸ்டோல்மன் என்பவர் எழுதி, தானே படமும் வரைந்த புத்தகங்கள் வழியாகத்தான் உலகத்தில் பாதிப் பேர் கத்தி பிடிக்கக் கற்றார்கள் என்றால் அது பெரிய மிகையாகாது.

இன்னொரு பெயர், டான் கிங். வயோமிங் மாநிலத்தில் ஷெரிடன் என்ற சிறிய ஊர். அங்கே சேணம் செய்தவர். பெரிய பெரிய இலையும் பூவுமாக இருந்த பழைய பாணியை விட்டு, சின்னப் பூக்களை நெருக்கமாக வைத்து, ஒவ்வொரு பூவையும் ஒரு கொடி வட்டமாகச் சுற்றி வருகிற மாதிரி வரைந்தார். ஷெரிடன் பாணி என்று இன்று உலகம் முழுக்கச் சொல்வது அதைத்தான். 1991இல் அமெரிக்க அரசின் தேசிய மரபுக் கலைஞர் விருது அவருக்குக் கிடைத்தது. ஷெரிடன் பாணி வந்த பிறகுதான் கத்தியின் தரம் பெரிய விஷயமானது. பெரிய இலையை எந்தக் கத்தியாலும் ஒப்பேற்றிவிடலாம். ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்குகிற பூவில் ஐந்து இதழ் வெட்ட வேண்டுமென்றால், அலகு இம்மி திக்கினாலும் கோடு காட்டிக்கொடுத்துவிடும். நல்ல கருவி செய்கிறவர்களில் சிலர் ஷெரிடனிலேயே இருப்பதும் தற்செயல் இல்லை. அங்கே பேரி கிங் செய்த கருவிகள் பேர்போனவை.

வரலாறு போதும். அலகுக்கு வருவோம்.

பிளேடையோ, அட்டை வெட்டும் கத்தியையோ வைத்து இந்த வேலையைச் செய்து பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். கோடு விழுந்திருக்கும். ஆனால் சற்று நேரத்தில் வாய் மூடிக்கொண்டிருக்கும். மெல்லிய கத்தி தோலைப் பிளக்கிறது, அவ்வளவுதான். இரண்டு சுவரும் மறுபடி ஒட்டிக்கொள்கின்றன. நமக்கு வேண்டியது பிளவு இல்லை, வாய்க்கால். மேலே அகன்று அடியில் குறுகிய ஒரு வாய்க்கால். அதன் ஒரு கரையைத்தான் பிறகு பெவலர் என்கிற அச்சுக்கருவியும் கொட்டாப்புளியும் வைத்துத் தட்டித் தாழ்த்துகிறோம். அப்போதுதான் மறுகரையில் இருக்கிற இதழ் மேலெழுந்து நிற்கிற தோற்றம் வரும். வாய்க்காலே மூடிப்போனால் பெவலர் எங்கே உட்காரும்?

ஆகவே சுழல் கத்தியின் அலகு கொஞ்சம் தடிமனாக, ஆப்பு மாதிரி இருக்க வேண்டும். இரண்டு பக்கச் சரிவும் சேர்ந்து 45 முதல் 60 பாகை வரை இருக்கும். சமையல் கத்தியில் இது 30, 40 பாகைதான். ஆப்பு என்றாலே உராய்வு. தோலில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி ஆழம் வரை அலகு இறங்குகிறது. நுனிக்கூர் வெட்டுகிற வேலையை முடித்துவிடும்; அதற்குப் பின்னால் வருகிற இரண்டு சரிவுகளும் இரு சுவர்களையும் தள்ளி, தேய்த்துக்கொண்டே போக வேண்டும். கை உணர்கிற எதிர்ப்பில் பெரும்பங்கு இந்தச் சரிவுகளில் இருக்கிறது. சாணைக்கல் விட்டுப்போன கீறல்கள் அந்தச் சரிவில் இருந்தால், ஒவ்வொரு கீறலும் தோலின் நாரைப் பிடித்து இழுக்கும். நகத்தில் நீங்கள் சோதித்தது கூரை. தோலில் உங்களைத் தடுத்தது சரிவு.

கடையில் அலகை எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். சரிவில் உங்கள் முகம் தெரியாது, அவ்வளவு பெரியதில்லை. சட்டைப்பையில் இருக்கிற பேருந்துச் சீட்டைப் பக்கத்தில் பிடித்தால் எழுத்தின் நிழலாவது தெரிய வேண்டும். சாம்பல் பூத்த மாதிரி மங்கலாக இருந்தால் அந்த அலகுக்கு இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. வேலை பாக்கி இருக்கிற அலகை வாங்கக்கூடாது என்று சொல்லவில்லை. அந்த வேலையை யார் செய்யப்போகிறார்கள் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். விலை குறைந்த கத்திகளில் அது நம் தலையில் விழும். நல்ல கம்பெனிக் கத்தியின் விலையில் பெரும்பகுதி அந்த மெருகுக்கும், மெருகை நீண்டநாள் தாங்குகிற எஃகுக்கும் கொடுப்பதுதான்.

இரண்டு சரிவும் சமமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். அலகை நுனிப்பக்கமிருந்து கண்ணுக்கு நேரே பிடித்தால், கூர்க்கோடு தடிமனின் நட்டநடுவில் ஓட வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் வாய்க்காலும் சாயும். நேராகப் பிடித்தும் கோடு ஒருபக்கம் இழுக்கிறதே என்று திகைப்பீர்கள்.

சரிவு தட்டையாக இருக்கலாம், உட்குழிந்தும் இருக்கலாம். உட்குழிந்ததில் தோலைத் தொடும் பரப்பு குறைவு, ஆகவே இழுப்பும் குறைவு. தீட்டுவதும் சுலபம். கிடைத்தால் வாங்குங்கள்; கிடைக்கவில்லை என்று தேடி அலைய வேண்டாம். தட்டைச் சரிவை நன்றாக மெருகேற்றினால் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

நேர் அலகா, சாய்வு அலகா? நேர் அலகு நீண்ட வளைவுகளில் ஆடாமல் போகும். சாய்வு அலகில் முனை கண்ணுக்குத் தெரியும், இடுக்கில் நுழையும். முதல் கத்திக்கு 9.5 மில்லிமீட்டர் அகலத்தில், அதாவது எட்டில் மூன்று அங்குலத்தில், ஒரு நேர் அலகு போதும். கொஞ்ச நாளில் சின்னப் பூக்களுக்குக் கால் அங்குலச் சாய்வு அலகு ஒன்று வேண்டும் என்று கையே கேட்கும். இரட்டைக் கோடு போடுகிற அலகு, முடி வரைய ஏழெட்டுக் கோடு சேர்ந்தாற்போல் போடுகிற அலகு என்று கடைக்காரர் அடுக்குவார். குதிரையின் பிடரி வரையப் போகிறவர் வாங்கட்டும்.

எஃகைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். வெறும் கார்பன் எஃகு சுலபமாகக் கூராகும், நல்ல மெருகும் ஏறும். ஆனால் துருப்பிடிக்கும். நாம் வெட்டுவதோ ஈரத்தோல், அதிலும் மரப்பட்டையில் பதனிட்ட தோல். பட்டையில் இருப்பது டானின். இரும்பும் டானினும் ஈரத்தில் சந்தித்தால் கருநீலக் கறை பிறக்கும். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சிய நாட்டில் இதை விளக்க வேண்டியதில்லை, அதே ரசாயனம்தான். அமெரிக்கச் சேணக்காரர்கள் இரும்புத் துருவலை வினிகரில் ஊறப்போட்டு, அந்த நீரைத் தடவி வேண்டுமென்றே தோலைக் கறுப்பாக்குகிறார்கள். நீங்கள் வேண்டாத இடத்தில் அது நடக்கும்: அலகைத் தீட்டிவிட்டு, துடைக்காத கையோடு ஈரத்தோலைத் தொட்டால் மறுநாள் காலையில் மிளகைத் தூவினாற்போல் புள்ளிகள் இருக்கும். எலுமிச்சைச் சாறு தடவினால் பெரும்பாலும் மங்கும், முழுக்கப் போகும் என்று உறுதி சொல்ல முடியாது.

அதனால் குரோமியம் கலந்த கருவி எஃகுகள் வந்தன. டி2 என்கிறார்கள், ஏ2 என்கிறார்கள். பொடி உலோகத்தை அழுத்திச் செய்த துருப்பிடிக்காத எஃகுகளும் இருக்கின்றன. கடினம் ராக்வெல் சி அளவில் 60ஐ ஒட்டி இருந்தால் மெருகு நின்று பேசும். ஆனால் கடினமான எஃகை ஒருமுறை தவறவிட்டுக் கூர் உடைந்தால் மறுபடி சரிசெய்யப் பொறுமை வேண்டும். சாதாரண சாணைக்கல்லில் லேசில் பணியாது.

செராமிக் அலகு என்று வெள்ளையாக ஒன்று இருக்கிறது. துரு கிடையாது, கறை கிடையாது, தோலில் நழுவிக்கொண்டு போகும், தீட்டவும் அடிக்கடி வேண்டியதில்லை. இத்தனை நல்ல குணத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு கெட்ட குணம்: சிமெண்டுத் தரையில் விழுந்தால் விளிம்பு தெறித்துவிடும். பிறகு வைரத் தூள் பூசிய தகட்டில்தான் தேய்க்க முடியும். மேசையில் கத்திக்கென்று ஒரு தாங்கி வைத்துக்கொள்கிற ஒழுங்கு உள்ளவர்கள் வாங்கலாம். பொருளை வைத்த இடம் மறக்கிறவர்களுக்கு எஃகே நல்லது.

இனி தண்டும் தாங்கியும். புலித்தலை செதுக்கியது, டமாஸ்கஸ் கோடு போட்டது, கைப்பிடியில் கல் பதித்தது என்று நிறைய வருகின்றன. பார்க்க அழகுதான், கோட்டுக்கு அவற்றால் ஒரு லாபமும் இல்லை. அவற்றுக்குக் கண்ணை மூடிக்கொண்டு மூன்று காரியம் பாருங்கள்.

தாங்கியில் விரலை வைத்துக்கொண்டு தண்டைச் சுண்டிவிடுங்கள். சத்தமில்லாமல் சுற்றி, தானாக நிற்க வேண்டும். உள்ளே பால் பேரிங் இருக்கும். மலிவான சிலவற்றில் வெறும் துளையும் ஊசியும்தான். பேரிங் இருக்கிறது என்பதால் மட்டும் நல்லது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தாங்கியைப் பிடித்துக்கொண்டு தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். லேத் பட்டறைக்காரர்கள் 'ப்ளே' என்று சொல்கிற அந்த ஆட்டம் கையில் தட்டுப்பட்டால் வைத்துவிடுங்கள். சற்றே இறுக்கமாகச் சுழல்கிற கத்தி ஒரு சொட்டு எண்ணெயில் சரியாகும். ஆட்டம் போடுகிறது சரியாகாது.

அடுத்து, அலகு தண்டின் அச்சில் சரியாக இருக்கிறதா என்பது. வெள்ளைத் தாளில் அலகின் கூரை வைத்து, கத்தியைச் செங்குத்தாக நிறுத்தி, மெல்ல ஒரு முழுச் சுற்றுத் திருப்புங்கள். கூரின் நடுப்புள்ளி இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். அது குட்டி வட்டம் போட்டால் அலகு அச்சைவிட்டு விலகியிருக்கிறது. நேர்க்கோட்டில் இது தெரியவே தெரியாது. வளைவில் மட்டும் கோடு நீங்கள் நினைத்த இடத்துக்கு ஒரு மயிரிழை வெளியே போகும். கண்ணில் பட்ட குறையைச் சரிசெய்யலாம். இது கையின் தப்பு என்று நீங்கள் மாதக்கணக்கில் நினைத்துக்கொண்டிருப்பீர்கள், அதுதான் கொடுமை. சிலசமயம் குற்றம் தண்டில் இருக்காது, தண்டுக்குள் நுழைகிற அலகின் காம்பில் இருக்கும். வேறொரு அலகைப் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். காம்பின் விட்டம் எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றாக இருப்பதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உடல் ஓரிடம், அலகு ஓரிடம் வாங்குகிறவர்கள் வெர்னியர் வைத்து அளந்துகொண்டு போவது நல்லது.

மூன்றாவது, அளவு. தண்டு பருமனாக இருந்தால் பிடிக்கச் சுகம், மெல்லியதாக இருந்தால் திருப்ப வேகம். கணக்குப் போட்டே பார்க்கலாம். விரல்கள் 20 மில்லிமீட்டர் உருட்டினால், 9.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டு மூன்றில் இரண்டு பங்குச் சுற்றுத் திரும்பும். 16 மில்லிமீட்டர் தண்டு அரைச் சுற்றைக்கூட எட்டாது. சின்ன இதழுக்கு மெல்லிய தண்டை ஏன் கேட்கிறார்கள் என்பது இதில் இருக்கிறது. பெரிய கையுள்ளவர்கள் நடுவாந்திரமாக 12.7 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குலம், எடுத்துக்கொள்ளலாம். உயரம் எல்லாக் கத்தியிலும் மாற்ற முடியாது. மாற்ற முடிகிறதை வாங்குங்கள். தாங்கியில் ஆள்காட்டி விரல் மடங்கி உட்காரும்போது சுண்டுவிரல் மேசையைத் தொட வேண்டும். தொடவில்லை என்றால் கத்தி உங்களுக்கு உயரம். தண்டில் பிடிமானத்துக்குப் போட்ட நர்லிங் வரிகள் மிகவும் சொரசொரப்பாக இருந்தால் முதல் பத்து நிமிடம் பிடிமானமாக இருக்கும், இரண்டு மணி நேரத்தில் விரல் எரியும். கனத்தைப் பொறுத்தவரை பித்தளையோ எஃகோ கொஞ்சம் கனமாக இருப்பது எனக்குப் பிடிக்கும், அழுத்துகிற வேலையில் அது பங்கு எடுத்துக்கொள்கிறது. அலுமினியத் தண்டுதான் சுகம் என்கிறவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை.

பணம் கொஞ்சம்தான் இருக்கிறது, எதற்குக் கொடுப்பது என்று மாணவர்கள் கேட்பார்கள். வெளிநாட்டில் பேர்போன கைகள் செய்த கத்தி 100 டாலரைத் தாண்டும். அது முடியாதென்றால் ஆட்டமில்லாத ஒரு மலிவு உடலை வாங்கி, அதில் முதல்தரமான அலகை மாட்டுங்கள். இதை மாற்றிச் செய்கிறவர்கள்தான் அதிகம். பளபளக்கிற உடலில் பொட்டலத்தோடு வந்த மங்கல் அலகைப் பூட்டிவைத்து, கத்தியே சரியில்லை என்பார்கள்.

அலகையும் குறை சொல்வதற்கு முன் தோலைப் பாருங்கள். இது நமக்கு முக்கியம். தமிழ்நாடு தோலுக்குப் பேர்போன நாடு. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல் இங்கிருந்து 'ஈ.ஐ.' என்ற முத்திரையோடு சீமைக்குக் கப்பலேறியது. ஈஸ்ட் இந்தியா தோல் என்று புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. ஆனால் 1970களில் அரைப்பதத் தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தியது; ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல்சாலைகள் பெரும்பாலும் குரோம் பதனீட்டுக்கு மாறிவிட்டன. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு வட்டாரத்தில் பட்டைத்தோல் இன்னும் உண்டு. குரோம் தோலில் சுழல் கத்தி வேலை நடக்காது. எவ்வளவு நல்ல அலகு வைத்து வெட்டினாலும், எவ்வளவு தட்டினாலும், ரப்பர் மாதிரி எழும்பிப் பழைய நிலைக்கு வந்துவிடும். சென்னைப் பெரியமேட்டில் வாங்கும்போது வெட்டிய ஓரத்தைப் பாருங்கள்: நடுவில் நீலச்சாம்பல் இருந்தால் குரோம், முழுக்கப் பழுப்பாக இருந்தால் பட்டை. ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள், பட்டைத்தோல் உடனே குடித்துக் கறுக்கும். ஆனால் மேலே பெயிண்ட் மாதிரிப் பூச்சுப் பூசிய தோல் குடிக்காது, அது நமக்கு வேண்டாம்.

ஈ.ஐ. தோலில் ஒரு சங்கடம் உண்டு. அதில் பெரும்பகுதி ஆடும் கன்றும், மெல்லியது. பர்சுக்கும் சப்பாத்தின் உள்தோலுக்கும் உகந்தது. சித்திரம் ஆழமாக வெட்ட அதைவிடத் தடித்த மாட்டுத்தோல் வேண்டும், பெல்ட்டுக்கு 3.2 முதல் 3.6 மில்லிமீட்டர் வரை. எண்ணெய் நிறைய ஏற்றியதாகவும் இருக்கக்கூடாது. அமெரிக்காவில் செயின்ட் லூயிசில் 1881இல் தொடங்கிய ஹெர்மன் ஓக், பென்சில்வேனியாவின் விக்கெட் அண்டு கிரெய்க் போன்ற தோல்சாலைகள் இந்த வேலைக்கென்றே தோல் செய்கின்றன. அதே பதத்தை இங்கே செய்யத் தெரியாதவர்கள் இல்லை; கேட்கிறவர்கள் இல்லை. பத்துப் பேர் சேர்ந்து ஒரு தோல்சாலையில் கேட்டால் நிலைமை மாறும் என்பது என் நம்பிக்கை.

தோலை நனைக்கும் பதமும் அப்படித்தான். நனைத்து, பிளாஸ்டிக் பையில் ஓர் இரவு மூடி வைத்து, எடுத்துக் காற்றாட விட்டு, நிறம் ஏறக்குறைய பழையபடி திரும்பியதும் கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சி தெரிய வேண்டும். அந்தப் பதத்தில்தான் வெட்ட வேண்டும். சொதசொதவென்று இருந்தால் வாய்க்கால் நிற்காது. காய்ந்திருந்தால் உலகத்தில் எந்த அலகும் இழுக்கும்.

வாங்கியாயிற்று. மறுநாளே அதைப் பழையபடி மங்கலாக்கிவிடாமல் வைத்திருப்பதில்தான் பாதி வேலை. வெட்ட வெட்ட தோலின் டானினும் மெழுகும் சரிவில் படியும். சில கோடுகளுக்கு ஒருமுறை அலகைத் தோல்வாரில் இழுத்துத் துடைக்க வேண்டும். சவரம் செய்கிறவர் கத்தியை வாரில் தீட்டுவதைப் பார்த்தவர்களுக்கு அசைவு தெரியும்: கூரை முன்னால் தள்ளக்கூடாது, பின்னால் இழுக்க வேண்டும். ஒரு வித்தியாசம், இங்கே வார் மெத்தென்று தொங்கக்கூடாது. மெத்தென்று இருந்தால் கூரைச் சுற்றி அமுங்கி, கூர் உருண்டுவிடும். கண்ணாடித் துண்டின்மேல் அட்டைப்பெட்டியின் வழுவழுப்பான அட்டையை ஒட்டி, பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடு கட்டியையோ நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் சிவப்பு ரூஜையோ பென்சில் கிறுக்குவது போலத் தேய்த்துக்கொள்ளுங்கள். சரிவு முழுவதும் அட்டையில் படிந்திருக்கும்படி இரண்டு பக்கமும் சமமாக இழுங்கள். தண்டு சுழலும் என்பதால் இழுக்கும்போது அது திரும்பாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

உண்மையாகவே கூர் போய்விட்டால் பெயிண்ட் கடையில் விற்கிற வாட்டர் பேப்பரைக் கண்ணாடியில் ஒட்டி 600, 1000, 2000 என்று ஏறுங்கள். ஒரு படியின் கீறல் முழுக்க மறைந்த பிறகே அடுத்த படி. பொறுமையிழந்து தாவினால் ஆழக்கீறல் கடைசிவரை கூடவே வரும். சக்கரச் சாணைக்காரரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அவர் நம் மேலுள்ள அன்பில் கத்தியைப் பளீரென்று கூராக்கிக் கொடுப்பார். அந்தச் சூட்டில் எஃகின் கடினம் போய், சரிவின் பாகையும் போயிருக்கும்.

கத்தியின் தரத்தைக் கடைசியாகச் சோதிப்பது அலங்கார வெட்டு. பெவலர் வேலை, பின்னணி வேலை எல்லாம் முடிந்த பிறகு, இதழிலும் இலையிலும் வெறும் கத்தியால் போடுகிற கோடுகள் அவை. ஆழமாகத் தொடங்கி, வளைந்துகொண்டே மெலிந்து, எங்கே முடிந்தது என்று தெரியாமல் தோலில் கரைய வேண்டும். அவற்றைப் பெவலர் வைத்து மூடி மறைக்க முடியாது. அங்கே அழுத்தம் குறைந்துகொண்டே வர, திருப்பம் கூடிக்கொண்டே போக வேண்டும். திக்குகிற அலகு அழுத்தம் குறையும்போது நின்றுவிடும். பயந்து அழுத்தினால் பாய்ந்துவிடும். வாங்குவதற்கு முன் கடைக்காரர் ஒரு துண்டு ஈரத்தோல் கொடுப்பார் என்றால், நேர்க்கோடு போட்டுப் பார்த்து ஏமாறாதீர்கள். பத்து விரலகலத்துக்கு ஒரு கொடி வெட்டி, அதன் நுனியைக் கரைத்துப் பாருங்கள்.

சீட்டில் இரண்டு கேள்விகள் வந்திருக்கின்றன. நம்மூர் லேத் பட்டறையில் செய்துகொள்ள முடியுமா என்று ஒருவர். உடலைத் தாராளமாகச் செய்யலாம். பித்தளைத் தண்டு, ஒரு சின்னப் பேரிங், ஆலன் கீ போட்டு இறுக்குகிற திருகு, விரல்தாங்கி. கோயம்புத்தூரில் இதைவிடச் சிக்கலானதெல்லாம் தினமும் கடைகிறார்கள். அலகின் காம்பு நுழைகிற துளையை மட்டும் தண்டின் அச்சிலேயே, ஒரே பிடிப்பில் போடச் சொல்லுங்கள். தண்டைக் கழற்றித் திருப்பி மாட்டிப் போட்டால் மையம் விலகும். அலகை முதலில் வாங்கிக் கையோடு கொண்டுபோய் அந்தக் காம்புக்குத் துளை போடச் சொல்வது உத்தமம்.

இன்னொரு சீட்டு, இடக்கைக்காரர் ஒருவருடையது. தனிக்கத்தி வேண்டுமா என்று கேட்கிறார். வேண்டாம். நேர் அலகுக்கு வலம், இடம் கிடையாது. சாய்வு அலகைக்கூட திருகைத் தளர்த்தி அரைச் சுற்றுத் திருப்பி மாட்டிக்கொள்ளலாம். வெட்டுகிற தோலை மட்டும் வெளிச்சம் வலப்பக்கமிருந்து வருகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் உங்கள் கையின் நிழலே கோட்டின்மேல் விழும்.